பாலியஸ்டர் பெருந்தகையே!

பாலியஸ்டர் பெருந்தகையே, உன் புகழைப் பாடப் பழவேற்காட்டைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1610இல் டச்சுக்காரர்கள் இங்கே கடை விரித்ததும், 1613இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பியதும் பருத்தித் துணிக்காகத்தான். இங்கே வாங்கிய துணியைக் கொடுத்துத்தான் கிழக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். மலாய் நாட்டில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் இந்த ஊர்ப் பெயர்தான். அப்படி உலகத்துக்கே உடுத்தக் கொடுத்த ஊரின் பெண்களை, வண்ணாரப்பேட்டைவரை போய் பிட்டுத் துணிக் குவியலில் உன்னைப் பொறுக்க வைத்தாயே! பீரங்கி இல்லாமல் ஊரைப் பிடித்த வீரன் நீ.

உன் நன்றியுணர்வும் சாமானியமா? 1941இல் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற வேதியியலாளர்கள் உன்னை உருவாக்கியது, பருத்தித் துணிக்கு அச்சடிக்கும் மான்செஸ்டர் நிறுவனம் ஒன்றின் ஆய்வகத்தில். பருத்தி போட்ட சோற்றில் வளர்ந்து, பருத்தியையே வீட்டைவிட்டு அனுப்பி வைத்தாய்.

இந்த ஊர் மீனவக் குப்பங்களான கூனங்குப்பத்திலும் அரங்கங்குப்பத்திலும் சித்திரை வெயிலில் கருவாடு காயவைக்கும் பெண்களிடம் நீ காட்டும் நேர்மை பெரிது. பருத்தி தன் எடையில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுத்துக்கொள்ளும். உழைத்தவளின் வியர்வையையும் குடித்துவிடும். நீ நூற்றுக்கு அரைப் பங்குகூடத் தொடமாட்டாய். அவள் வியர்வை அவளுக்கே, வேர்க்குருவும் அரிப்பும் அவளுக்கே. அடுப்புத் தீ பட்டால் பருத்தி சாம்பலாய் உதிர்ந்து அவளைக் கைவிடும். நீயோ உருகித் தோலோடு ஒட்டிக்கொள்வாய். அப்படியொரு பற்று!

வேலையும் மிச்சம். நூல் சேலை நைந்தால் பிள்ளைக்குத் தூளி கட்ட வேண்டும், பிறகு இடுப்புத் துணியாகக் கிழிக்க வேண்டும், கடைசியில் கரித்துணியாகவும் எடுத்து வைக்க வேண்டும். உன் நைட்டி சாயம் போனால் தண்ணீரைக்கூடத் துடைக்காது. நேரே குப்பைக்குப் போகலாம், புதிதாக ஒன்று வாங்கலாம். விலை குறைவு என்பதால் அடிக்கடி வாங்கும் பாக்கியம் ஏழைக்குக் கிடைக்கிறது. அரசு இலவசமாகத் தந்த தையல் மிஷினும் உன்னையே ஓட்டித் தேய்கிறது.

பழவேற்காடு ஏரிக்கு நீ செய்யும் தானத்தை எப்படி மறப்பது? சில்காவுக்கு அடுத்தபடி நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி இது. குப்பத்தின் வயிறு இந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. ஒவ்வொரு துவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத இழைகளை உதிர்க்கிறாய். மண்ணில் விழுந்த பருத்தி சில மாதங்களில் மக்கிப்போகும். கச்சா எண்ணெயில் பிறந்த உனக்குச் சாவு எளிதில் வராது. இறாலும் நண்டும் இரையென்று நம்பி உன்னை விழுங்கும். உடுத்திய உடம்புக்கே உணவாகத் திரும்பி வரும் கொடையாளி வேறு யார்?

இத்தனை பெருமை இருந்தும் மூன்று பெண்கள் முன்னால் மட்டும் நீ தலைகாட்ட மாட்டாய். ஒருத்தி, வாங்குமுன் ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுபவள்: காகித வாசனையோடு சாம்பலானால் நூல், சுருண்டு கெட்டியாக உருண்டால் நீ. அடுத்தவள், பெட்டியில் கிடக்கும் ஐந்தரை மீட்டர் நூல் சேலையை வெட்டித் தனக்கொரு நைட்டியும் மகளுக்கொரு கவுனும் தைப்பவள். அவளுக்குத் துணிச் செலவே இல்லை. மூன்றாமவள், மகளிர் குழுவோடு சேர்ந்து பொதட்டூர்பேட்டைத் தறிக்காரரிடம் நூல் துணியை மொத்தமாகப் பேசி வாங்கிப் பங்கிடுபவள். கோ-ஆப்டெக்ஸின் தீபாவளித் தள்ளுபடிக்குக் காத்திருந்து வாங்குபவளும் அவள்தான்.

இந்த மூவரும் குப்பத்துக்குக் குப்பம் பெருகட்டும். பெருந்தகையே, உன் அடக்கமும் அதே அளவுக்குப் பெருகட்டும்!