பழம்பொருள் கடையும் நியூட்ரினோவும்: பொட்டிபுரம் தரப்பிலிருந்து ஓர் ஆய்வு

நியூட்ரினோ என்ற துகள் எதன் மீதும் மோதாது. மலை, மாடு, மனிதன் எதுவானாலும் உள்ளே புகுந்து மறுபக்கம் போய்விடும். அதைப் பிடிக்கத்தான் போடிநாயக்கனூருக்குப் பக்கத்தில், பொட்டிபுரத்தில், மலையைக் குடைந்து 50,000 டன் இரும்பை அடுக்கத் திட்டமிட்டார்கள். 2015 தொடக்கத்தில் மத்திய அரசின் ஒப்புதல் வந்தது. பின்னாலேயே எதிர்ப்பு, வழக்கு. 2022-இல் தமிழக அரசே உச்ச நீதிமன்றத்தில் இத்திட்டம் வேண்டாம் என்றது. இரும்பு வந்து சேரவில்லை.

இவ்வாய்வாளரின் துணிபு: இடத்தேர்வில்தான் பிழை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இரும்பும் பித்தளையும் பர்மா தேக்கும் ஏற்கெனவே கூரை முட்ட அடுக்கிக் கிடக்கின்றன. எதன் மீதும் மோதாமல் உள்ளே போய் வெளியே வரும் துகள்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. அத்துகளுக்கு வழக்கிலுள்ள பெயர், 'சும்மா பார்க்க வந்தோம்'.

நியூட்ரினோவில் மூன்று வகை உண்டு. ஓடும்போதே ஒன்று மற்றொன்றாக மாறும். இதை நிறுவியவர்களுக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. பழம்பொருள் கடையில் பரிசு ஏதுமின்றியே இது அன்றாடம் நிறுவப்படுகிறது. கடைக்கு வருபவர் வாசல்படியில் ஏறும்போது வாங்குபவர். எனாமல் தூக்குச்சட்டிகளைத் தாண்டும்போது, "எங்க ஆச்சி வீட்ல இது மாதிரி நாலு கெடந்துச்சு, எடைக்குப் போட்டுட்டோம்" என்று வருந்துபவராகிறார். கல்லாவை நெருங்குவதற்குள், "எங்ககிட்ட ஒரு கிராமபோன் இருக்கு, என்ன வெலைக்கு எடுப்பீங்க?" என்று விற்பவராகவே மாறிவிடுகிறார். சூரியனிலிருந்து கிளம்பிய நியூட்ரினோவில் மூன்றில் ஒரு பங்குதான் வந்து சேருகிறது என்று விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் குழம்பினார்கள். கடைக்காரர் குழம்புவதில்லை. ஆள் மாறிவிட்டார் என்பது குரலிலேயே அவருக்குத் தெரியும்.

இனி, இப்படியொரு தெரு போடியில் ஏன் இல்லை என்ற வினா. விடை ஏலக்காயில் இருக்கிறது. போடி வியாபாரி நாலு காயை உள்ளங்கையில் போட்டு உருட்டுவார். பச்சை எவ்வளவு நிற்கிறது, எட்டு மில்லிமீட்டர் தேறுமா என்று பார்ப்பார். ஒன்றை நகத்தால் கீறி முகர்வார். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் விலை திரையில் ஓடும். நாள்பட்ட காய் நிறம் வெளுக்கும், விலையும் இறங்கும். பழசானால் மதிப்புக் குறையும் என்பதே இவ்வூரின் பொருளாதாரக் கோட்பாடு. அதனால் பாட்டனின் பித்தளை அண்டா இங்கே நேராகப் பழைய இரும்புக் கடைத் தராசுக்குப் போகிறது. இத்தகைய வியாபாரி ஒருவரைக் காரைக்குடிக்கு அழைத்துப் போனால், அவர் பித்தளைக் கூஜாவின் மூடியைத் திறந்து முதலில் முகர்ந்து பார்க்கிறார். பிறகு, "இதுக்குப் போயி இவ்வளவா?" என்கிறார். (விஞ்ஞான ரீதியில் இது அருமையான கேள்வி.)

உண்மையான சோதனை வேறு. கூஜாவை இடது கையில் தொங்கவிட்டு, வலது கை நடுவிரலால் சுண்ட வேண்டும். கனத்த வார்ப்பானால் ஓசை நின்று ஓயும். தகடானால் உடனே செத்துவிடும். பிறகு கவிழ்த்துப் பார்க்க வேண்டும். செட்டிநாட்டுப் பாத்திரங்களில் உரிமையாளர் பெயரோ இனிஷியலோ உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கும். அதைத் தேய்த்து அழித்திருந்தால் பங்காளிகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்பது இவ்வாய்வாளரின் ஊகம்.

வயதைக் கணிப்பதில் சட்டச் சிக்கலும் உண்டு. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த சிலையும் கலைப்பொருளும் தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கையெழுத்துச் சுவடி என்றால் 75 ஆண்டே போதும். ஆகவே ஒரே குத்துவிளக்கு, விலை பேசும்போது நூற்றைம்பது வயது கிழவியாகவும், அதிகாரி எட்டிப் பார்க்கும்போது போன தைக்குப் பிறந்த குழந்தையாகவும் இருக்கக்கூடும். இப்படி இரு நிலையில் ஒருசேர இருப்பது இயற்பியலுக்குப் புதிதல்ல.

மோதல் அறவே நிகழாது என்பதும் சரியன்று. 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்திலேயே வளிமண்டல நியூட்ரினோவின் தடம் பதிவானது. அதுபோலவே கடையிலும், ஓட்டல்காரரும் சினிமா செட் போடுபவரும் வரும் நாளில் தூண், கதவு, மேசை என்று மொத்தமாக மோதல் நடக்கும். கடை ஓடுவது அதில்தான்.

மற்ற நாளில் போகும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அரை மணி நேரம் தூசி கிளப்பிவிட்டு வெறுங்கையோடு இறங்காதீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அச்சிட்ட ஓட்டைக் காலணா ஒன்றையாவது வாங்குங்கள். பேரம் பேசாமல்.