கன்வீனர் சார்

பட்டமளிப்பு விழாவுக்கு ஏழு மாதம் இருக்கும்போதே கன்வீனர் சாரின் நடை மாறிவிடும். வணிகவியல் துறைத் தலைவர் வேலை அவருக்குச் சம்பளத்துக்கு மட்டும்தான். பிறவிப் பணி, சீஃப் கெஸ்ட் பிடிப்பது. தமிழ்நாட்டில் எந்தக் கலைக் கல்லூரிக்குள் நுழைந்தாலும் இப்படி ஒருவரைப் பார்க்கலாம். கையில் இரண்டு போன். அதில் ஒன்று எப்போதும் காதில். மறுமுனையில் யாரோ ஒரு பெரிய மனிதரின் பி.ஏ.

முதல் கமிட்டி மீட்டிங்கில் பேச்சு ஆகாயத்தில் இருக்கும். "இந்த வருஷம் சாதாரண ஆளெல்லாம் வேண்டாம் சார். ஃப்ளெக்ஸ்ல பேரைப் பார்த்தா பக்கத்து காலேஜ்காரனுக்கு வயிறு எரியணும்."

2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது நாடே கைதட்டியது. இவர் தட்டவில்லை, கையில் போன் இருந்தது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்று டிவியில் சொன்னதுமே, அந்த ஊரில் உரக்கடை வைத்திருக்கும் ஒன்றுவிட்ட மச்சானைப் பிடித்துவிட்டார். "மாப்ள, அவங்க வீட்டுப் பக்கம் யாரையாவது தெரியுமா?" மாப்பிள்ளைக்கு யூரியா வாங்குபவர்களைத்தான் தெரியும். லேண்டர் பத்திரமாகத் தரையிறங்கியது. கன்வீனர் சாரின் அழைப்புக் கடிதம் எங்கே இறங்கியது என்று இன்றுவரை சிக்னல் இல்லை.

சுந்தர் பிச்சைக்கும் ஒரு மெயில் போனது. "மதுரையில பொறந்தவரு சார், கூப்பிட்டா வராமலா போவாரு?" மெயில் முகவரி இவரே யூகித்துப் போட்டது. அது திரும்பி வராததையே பாதிச் சம்மதம் என்று கல்லூரி முதல்வரிடம் சொல்லிவைத்தார்.

நாள் நெருங்க நெருங்க ஆள் இறங்குவார். விஞ்ஞானி, பணியில் இருக்கும் கலெக்டர் ஆவார். கலெக்டர், ஓய்வுபெற்ற கலெக்டர் ஆவார். அங்கிருந்து துணைவேந்தர், முன்னாள் துணைவேந்தர் என்று வந்து, கடைசியில் பக்கத்து காலேஜ் முதல்வரில் நிற்கும். இந்தக் கடைசிப் படியில் நடப்பது முழுக்க மொய்க் கணக்கு. போன வருஷம் நம் முதல்வர் அங்கே போய்ப் பேசினார், இந்த வருஷம் அவர் இங்கே வந்து பேசித்தான் ஆக வேண்டும். சால்வைகூடப் பல சமயம் போன வருஷம் போனதேதான் திரும்பி வரும்.

விழாவை மேம்படுத்துவதிலும் அவருக்கு அக்கறை உண்டு. 2005-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் ஜாப்ஸ் பேசிய காணொளியைச் சீஃப் கெஸ்ட் ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். 'இதே மாதிரி, பட் தமிழ்ப் பண்பாட்டோடு' என்று கீழே ஒரு வரி. முதல்வருக்கும் அனுப்பினார். முதல்வர் கேட்டது ஒரே கேள்விதான்: "காலேஜைப் பாதியில விட்டவரை எதுக்குய்யா பட்டமளிப்பு விழாவுக்குக் கூப்பிட்டாங்க?"

ஸ்டான்ஃபோர்டில் பேச்சாளரைத் தேர்வு செய்வதில் மாணவர்களுக்கும் பங்கு உண்டு என்று எங்கோ படித்துவிட்டு, ஒரு வருஷம் இவரும் இறுதியாண்டு வகுப்புகளுக்குப் பெட்டி அனுப்பிச் சீட்டு எழுதச் சொன்னார். நயன்தாரா, தோனி, விஜய் என்று வந்தது. ஒரு சீட்டில் மட்டும், 'யாரா இருந்தாலும் பத்து நிமிஷம்' என்று இருந்தது. என்னைக் கேட்டால், அந்தப் பெட்டிக்குள் விழுந்த ஒரே உருப்படியான யோசனை அதுதான். கன்வீனர் சார் அதைச் 'செல்லாத ஓட்டு' என்று தனியே எடுத்து வைத்தார்.

அங்கியும் அவருக்கு ஒரு கவலை. 2010-ல் போபாலில் ஒரு பட்டமளிப்பு மேடையிலேயே, இதெல்லாம் காலனிய காலத்து மிச்சம் என்று அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அங்கியைக் கழற்றிய சம்பவத்தை இவர் மறக்கவே இல்லை. கொள்கையளவில் ஆட்சேபம் கிடையாது. "நம்மது வாடகை அங்கி சார். கழட்டி வீசி ஒரு பட்டன் போனாலும் டெபாசிட்ல பிடிச்சிடுவான்."

விழா காலை பத்தரைக்கு. பிள்ளைகளை எட்டு மணிக்கே அங்கி மாட்டி உட்கார வைத்தாகிவிட்டது. மே மாதம், கறுப்பு அங்கி, ஏசி மேடைக்கு மட்டும். சீஃப் கெஸ்ட் டோல்கேட் தாண்டினாரா, சர்வீஸ் ரோட்டுக்கு வந்தாரா என்று கன்வீனர் சார் வாசலில் நின்று நேர்முக வர்ணனை கொடுத்துக்கொண்டிருப்பார். பதினொன்றே காலுக்கு நாதஸ்வரம், குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து. தமிழ்த்தாய் வாழ்த்தை 55 விநாடியில் பாட வேண்டும் என்று அரசாணையே இருக்கிறது. சீஃப் கெஸ்ட் அறிமுக உரைக்கும் அப்படி ஒன்று போட்டால் புண்ணியமாகப் போகும். ஐந்தாம் வகுப்பில் வாங்கிய கட்டுரைப் பரிசிலிருந்து தொடங்கி, இவர் 22 நிமிடம் வாசிப்பார். வந்தவர் தன் வாழ்க்கையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதற்குப் பிறகு ஒன்றும் மிஞ்சாது. எனவே அவர், கனவு காணுங்கள் என்று தொடங்குவார்.

உண்மையான விழா அப்புறம்தான் ஆரம்பிக்கும். பல்கலைக்கழகப் பட்டமளிப்பில் வேந்தரான ஆளுநர் கையால் வாங்குவது பெரும்பாலும் முனைவர் பட்டக்காரர்களும் பதக்கம் வென்றவர்களும்தான். இணைவுக் கல்லூரிப் பிள்ளைக்குக் கிடைப்பது இந்த மேடை ஒன்றுதான். 1,000 பேருக்கு ஆளுக்கு ஐந்து விநாடி என்றாலும் எண்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். படித்து முடித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால், இடுப்புக் குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மேடையேறும் பெண்களும் உண்டு. கைக்கு வரும் ஃபைல் காலி. அங்கியைத் திருப்பிக் கொடுத்தால்தான் ஆபீஸில் சான்றிதழ். ஆனாலும் அந்த ஐந்து விநாடியில் யாரும் சீஃப் கெஸ்ட் முகத்தைப் பார்ப்பதில்லை. ஒரு கண் கேமராவில், இன்னொரு கண் அப்பா எந்த வரிசையில் எழுந்து நிற்கிறார் என்பதில். பெயர் வாசிப்பவர் 'முத்துப்பேச்சி'யை 'முத்துப்பேச்சு' ஆக்கிவிட, "பேச்சி சார், பேச்சி!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா குரல் கொடுத்தார். மைக்கில் திருத்தி வாசித்தார்கள். அன்றைக்கு ஆகப் பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

கன்வீனர் சார் அதைக் கேட்கவில்லை. சீஃப் கெஸ்ட்டின் டிரைவர் சாப்பிட்டாரா என்று பார்க்கப் போயிருந்தார்.

பிற்பகல் இரண்டரைக்கு, கண்ணாடிப் பெட்டி நடராஜரும் பழக்கூடையும் டிக்கியில் ஏறின. கையெழுத்துப் போட்டு, கைகொடுத்து, வலது மணிக்கட்டைப் பிடித்துவிட்டபடி சீஃப் கெஸ்ட் காரில் உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற நல்ல மனிதர். கன்வீனர் சார் ஜன்னலோரம் குனிந்தார்.

"சார், பிரமாதமாப் பேசினீங்க. ஒரு சின்ன உதவி. அடுத்த வருஷத்துக்கு உங்களுக்குத் தெரிஞ்சவங்கள்ல யாராவது... கொஞ்சம் பெரிய ஆளா இருந்தா சொல்லுங்க."

கண்ணாடி மேலேறியது. "யோசிச்சுச் சொல்றேன்னு தலையாட்டினார் சார், பாத்தீங்கள்ல?" என்று பக்கத்தில் நின்ற முதல்வரிடம் சொல்லிவிட்டு, இன்னொரு போனை எடுத்தார்.