மும்மடங்கு எண்ணெய்: ஒரு நூற்பாவும் அதன் விருத்தியுரையும்

எந்த நூலானாலும் பாயிரம் இல்லாமல் தொடங்குவது நம் மரபில் குற்றம். சிறப்புப் பாயிரத்தில் எட்டுச் செய்திகள் வர வேண்டும் என்று நன்னூலார் விதித்திருக்கிறார். வினிகிரெட் என்னும் சாலட் டிரெஸ்ஸிங்குக்கு அவற்றை முறையாகச் சொல்லிவிடுகிறேன். ஆக்கியோன் பெயர் தெரியவில்லை; பிரான்சில் யாரைக் கேட்டாலும் தம் பாட்டியைக் கைகாட்டுவார்கள். வழியும் ஆகவே பாட்டி வழி. எல்லை, வடக்கே பாரிஸ், தெற்கே மார்செய். நூற்பெயர் முன்பே சொல்லப்பட்டது. யாப்பு, அடுப்படியில் நின்றபடியே சொல்லி முடிக்கத் தக்க மூன்றடி. நுதலிய பொருள், எண்ணெயும் வினிகரும். கேட்போர், கடையில் பளபளப்பைப் பார்த்து லெட்யூஸ் வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்தபின் அதை என்ன செய்வதென்று விழிப்பவர். பயன், அந்த லெட்யூஸ் தின்னத் தக்கதாவது.

இனி நூற்பா. பாட்டிமார் உரைநடையில் சொன்னதை யாப்பில் அடைத்த பழி இந்த உரைகாரனைச் சேரும்.

மும்மடங் கெண்ணெய் ஒருமடங்கு காடி
கடுகு சிறிதே உப்புமுன் கரைத்து
மூடிக் குலுக்கி உடன்சொரிந் துண்க.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், ஒட்டாத இரண்டை ஒருபொழுது ஒட்டவைக்கும் வழி உணர்த்துதல் நுதலிற்று. காடி என்றது வினிகரை. "ஒருபொழுது" என்று நான் சொன்னதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இவ்வுரையில் சண்டைக்கு உரிய இடம் அதுதான்.

முதற்கண், மும்மடங்கு. இந்த அளவுக்குத் தெளிவான எழுத்துச் சான்று 1699இல் லண்டனில் அச்சான 'அசிட்டாரியா' என்னும் நூலில் கிடைக்கிறது. எழுதியவர் ஜான் ஈவ்லின். ராயல் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர்; மரம் வளர்ப்பது பற்றிப் பெருநூல் செய்தவர். மரம் தீர்ந்ததும் இலைக்கு வந்துவிட்டார். நல்ல ஆலிவ் எண்ணெய் மூன்று பங்கு. வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஆரஞ்சுச் சாறோ ஒரு பங்கு. உப்பு, கடுகு, வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு. கலக்கும் பாத்திரம் பீங்கானாக இருக்க வேண்டும், உலோகம் ஆகாது, வினிகர் அரித்துவிடும் என்பது வரை எழுதி வைத்திருக்கிறார். பாயிரத்தில் நாம் வகுத்த எல்லைக்கு வெளியே, அதுவும் ஓர் ஆங்கிலேயரிடம், இந்தச் சான்று கிடைப்பது பிரெஞ்சுக்காரர்களுக்கு உவப்பாக இராது. ஆனால் அச்சில் ஏறியதை மறுக்க முடியுமா?

பாடபேதங்கள் உண்டு. பால்சமிக் வினிகரில் இனிப்பு இருப்பதால் இரண்டுக்கு ஒன்று போதும் என்பார் ஒரு சாரார். புளிப்பு விரும்பிகள் சரிக்குச் சரி ஊற்றுவர். பாட்டில் வினிகரின் அமிலம் பெரும்பாலும் 5 முதல் 7 விழுக்காடு வரை மாறுவதால், அளவு கரண்டியை நம்புவதைவிட ஓர் இலையைத் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்ப்பதே மேல். இதற்கு மேல் பாடபேதங்களில் இறங்குவது தொல்காப்பிய உரைகாரர் இளம்பூரணர் காலத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

ஆனால் மூலபாடத்துக்கே ஒரு கடுமையான தடை உண்டு. பெஞ்சமின் பிராங்ளின் 1774இல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். லண்டனில் கிளாப்பம் என்னும் இடத்தில் ஒரு குளம். காற்றில் அலையடித்துக்கொண்டிருந்த அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டார். எண்ணெய் அரை ஏக்கர் வரை பரந்து அலையை அடக்கியது. அதுமுதல் மூங்கில் கைத்தடியின் மேற்கணுவுக்குள் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி வைத்துக்கொண்டே மனிதர் நாட்டுப்புறம் போய்வந்தார். தடை இதுதான்: ஒரு தேக்கரண்டி அரை ஏக்கரை மூடுமாயின், நால்வர் உண்ணும் ஒரு கிண்ணம் இலைக்கு மூன்று மேசைக்கரண்டி, அதாவது ஒன்பது தேக்கரண்டி, எதற்கு? பிராங்ளின் கணக்கில் அது நாலரை ஏக்கருக்கு ஆகும்.

இதற்கு விடை இரண்டு. நீரின் மேல் விழுந்த எண்ணெய் ஒற்றை மூலக்கூற்றுத் தடிமன் வரை மெலிந்து பரவக் கூடியது. 1890இல் ரேலி பிரபு ஆலிவ் எண்ணெயைக் கொண்டே இதை அளந்தார். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒன்றரைக் கூறுக்குச் சற்று மேல். அலைக்கு அது உறைக்கும், நாக்குக்கு உறைக்காது. இரண்டாவது, லெட்யூஸ் குளம் அன்று. அதன் தோலில் மெழுகு இருக்கிறது; தாமரை இலைத் தண்ணீர்போல வினிகர் அதில் உருண்டு ஓடும். எண்ணெயோ அந்த மெழுகோடு உறவாடி மெல்ல உள்ளே இறங்கும். ஆகவே தடை நீங்கிற்று. நாலரை ஏக்கர் லெட்யூஸை யாரும் கழுவ வேண்டியதில்லை.

இந்த எண்ணெய்ப் படல ஆராய்ச்சியின் அடுத்த ஆசிரியர் எந்தக் கல்லூரியிலும் இல்லை. ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரத்தில், பெண்களைப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளாத காலத்தில், வீட்டு வேலையும் நோயுற்ற பெற்றோரின் பணிவிடையுமாக இருந்த ஆக்னஸ் போக்கெல்ஸ் பாத்திரம் கழுவும் நீரின் மேலே நடப்பதைக் கவனித்து, ஒரு தகரத் தொட்டியை வைத்து நீர்ப்பரப்பின் இழுவிசையை அளந்தார். கண்டதை ரேலி பிரபுவுக்குக் கடிதமாக எழுத, அவர் அதை 1891இல் 'நேச்சர்' இதழில் வெளிவரச் செய்தார். சமையலறையைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுகிறானே என்று என்னைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அந்த இதழைத் தேடி எடுத்துப் படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

கடுகு சிறிதே. இங்கே சொல்லப்பட்டது தாளிக்கிற கடுகன்று, அரைத்த கடுகு. பிரான்சில் அது டிஷோன் கடுகு விழுது. ஒரு மேசைக்கரண்டி வினிகருக்கு அரைத் தேக்கரண்டி போதும். காரத்துக்காக மட்டும் அது சேர்க்கப்படவில்லை. கடுகின் தோலில் ஒரு வழவழப்புப் பசை உண்டு. அதுவும் அரைபட்ட நுண்துகள்களும் எண்ணெய்த் துளிகளைச் சூழ்ந்துகொண்டு, ஒரு துளி இன்னொன்றோடு சேர்ந்து பெருத்துவிடாமல் தடுக்கும். துகள்கள் இப்படிக் காவல் காக்கும் கலவைகளை ஆராய்ந்து 1907இல் எழுதிய பிக்கரிங் என்னும் ஆங்கில வேதியியலார் பெயரால் அவை இன்றும் வழங்குகின்றன. மயோனைசில் இதே காவலை முட்டைக் கருவின் லெசித்தின் செய்கிறது. காவல் இல்லாத வினிகிரெட், கிண்ணத்தைக் கீழே வைப்பதற்குள் மேலே எண்ணெய், கீழே வினிகர் என்று பாகம் பிரித்துக்கொள்ளும். இந்தக் கடுகு எவ்வளவு உள்ளூர்ச் சரக்கு என்று பெருமை பேசும் பிரெஞ்சுக்காரர்களுக்கு 2022இல் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. அதற்கு முந்திய ஆண்டு கனடாவில் வறட்சி. டிஷோன் கடுகுக்கு விதை அப்போது பெரும்பாலும் அங்கிருந்தே வந்ததால் பிரான்சின் கடைகளில் கடுகு அடுக்கு காலியாகிப் போனது.

இனி கணித அதிகாரம். மூன்றுக்கு ஒன்று என்றால் மொத்தத்தில் எண்ணெய் 75 விழுக்காடு. ஒரே அளவான உருண்டைகளை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் இடத்தில் சுமார் 74.05 விழுக்காட்டுக்கு மேல் நிரப்ப முடியாது என்று 1611இல் கெப்லர் கருதினார். பழக்கடைக்காரர் ஆரஞ்சு அடுக்கும் முறைதான் அது. ஆனாலும் அதற்கு நிரூபணம் தர 1998இல் தாமஸ் ஹேல்ஸ் வர வேண்டியிருந்தது. கடுகின் துணையால் எண்ணெய் துளித்துளியாகி வினிகருக்குள் நிற்கிறது என்று கொள்வோம். அப்போது பிரெஞ்சுப் பாட்டி கெப்லரின் வரம்பை 0.95 விழுக்காடு மீறுகிறார். எங்ஙனம்? துளிகள் ஒரே அளவினவல்ல. பெரியவற்றின் இடுக்கில் சிறியவை நுழையும். இடம் போதாதபோது உருண்டை நசுங்கிக் கொடுக்கும். நெரிசலில் துளிகள் அசைய முடியாமல் திணறுவதால்தான் கலவை கெட்டிப்பட்டுக் குழைவாகிறது. கடுகு இல்லாமல் குலுக்கினால் கதை தலைகீழ். சிறுபான்மையான வினிகர்தான் துளியாகி எண்ணெய்க்குள் சிதறும். பாட்டிக்கு இது தெரியாது. கெப்லருக்குச் சாலட் கலக்கத் தெரிந்ததற்கும் சான்றில்லை.

உப்புமுன் கரைத்து என்பதில் முன் என்பது காலமுன். எண்ணெயில் உப்புக் கரையாது; எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் எண்ணெய் பூசிய உப்புக் கல் பல்லில் நெறுநெறுக்கும். ஆகவே வினிகரில் முதலில் உப்பு, அது கரைந்தபின் கடுகு, கடைசியில் எண்ணெய். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் இருந்தால் அதையும் வினிகரிலேயே சிறிது நேரம் ஊறப் போடலாம், காரம் தணியும். பிரெஞ்சுக்காரர்களின் எஷலோட் நம் சின்ன வெங்காயத்துக்குச் சொந்தம்தான்.

குலுக்கி என்னும் இடத்தில் இரு கட்சிகள். கிண்ணத்தில் ஊற்றி முள்கரண்டியால் அடிப்பது மரபுக் கட்சி. ஜாம் பாட்டிலில் போட்டு மூடிக் குலுக்குவது எளியோர் கட்சி. நூற்பா இரண்டாவதன் பக்கம். சாலட் கலக்க நால்வர் வேண்டும் என்று ஸ்பெயினில் ஒரு பழமொழி: எண்ணெய் ஊற்ற ஊதாரி, வினிகர் விடக் கஞ்சன், உப்புப் போட அறிவாளி, கலக்கப் பைத்தியக்காரன். பெரும்பாலான வீடுகளில் இந்த நால்வரும் ஒருவரே.

கலக்குவதையே தொழிலாக்கிப் பிழைத்தவரும் உண்டு. பிரியா-சவரான் 1825இல் வெளியிட்ட சுவையியல் நூலில் அப்படிப்பட்ட ஒருவர் கதை வருகிறது. பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி லண்டனில் வறுமையில் இருந்த தால்பின்யாக் என்னும் பிரபு ஒருநாள் ஓர் உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் சில பணக்கார இளைஞர்கள். உங்கள் நாட்டார் சாலட்டில் வல்லவராமே, எங்களுக்கு ஒன்று கலக்கித் தர முடியுமா என்று பணிவாகக் கேட்டார்கள். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கலக்கினார். ஐந்து பவுன் நோட்டு ஒன்றை அவர் கையில் வைத்தார்கள். பிறகு குரோவ்னர் சதுக்கத்து மாளிகைகளிலிருந்து அழைப்பு. வீடு வீடாகப் போய்வரக் குதிரை வண்டி. பின்னால் மஹோகனிப் பெட்டி சுமந்து ஒரு வேலையாள். பெட்டிக்குள் மணமூட்டிய வினிகர்கள், பலவகை எண்ணெய்கள், சோயா, நெத்திலி, மீன்சினை, இறைச்சிச் சாறு, முட்டைக் கரு. பின்னாளில் அந்தப் பெட்டிகளையே நூற்றுக்கணக்கில் செய்து விற்று, 80,000 பிராங்குக்கு மேல் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பினார். பரம்பரை நிலம் போனபின் ஒரு பிரபுவைக் காப்பாற்றியது எண்ணெயும் வினிகரும். வினிகிரெட்டை அற்பம் என்போர் இந்த இடத்தை இருமுறை வாசிக்கவும்.

அமெரிக்காவில் இந்தத் தொழில் வேறு வடிவெடுத்தது. நடிகர் பால் நியூமன் கனெக்டிகட் மாநிலத்து வீட்டில் பெரிய தொட்டி நிறைய டிரெஸ்ஸிங் கலக்கி, மது பாட்டில்களில் அடைத்து, கிறிஸ்துமசுக்கு அண்டை அயலாருக்குக் கொடுத்துவந்தார். கலக்கிய கருவி, படகுத் துடுப்பு. எழுத்தாளர் ஹாட்ச்னரைக் கூட்டுச் சேர்த்து 1982இல் அதையே கம்பெனியாக்கி, லாபம் முழுவதையும் தருமத்துக்கு விட்டார். நூற்பாவில் துடுப்பு விலக்கப்படவில்லை. ஆகவே அதையும் ஏற்புடையதாகவே கொள்க.

எஞ்சியது உடன் என்னும் ஒரு சொல். உரைகாரர்கள் அசையாக நினைத்துத் தாண்டிப் போகக்கூடிய இச்சொல்லில்தான் நூற்பாவின் உயிர் இருக்கிறது. இலையின் மெழுகை எண்ணெய் ஊடுருவும் என்று முன்பு சொன்னோம். முன்கூட்டியே கலந்து வைத்த சாலட், விருந்தினர் கைகழுவி வருவதற்குள் கறுத்துச் சோர்ந்துவிடும். இலையில் ஈரம் இருந்தாலும் கெட்டது, எண்ணெய் பிடிக்காது. பிரான்சில் அந்தக் காலத்தில் கம்பிக் கூடையில் இலையைப் போட்டு வாசலில் நின்று சுழற்றி உதறுவார்கள். நன்றாக உலர்த்தி, உண்ணும் வேளையில் ஊற்றிப் புரட்டினால் போதும். அப்படியானால் எண்ணெயும் வினிகரும் எத்தனை நேரம் சேர்ந்திருக்க வேண்டும்? கிண்ணத்திலிருந்து வாய் வரை.

கடைப் பாட்டில்கள் தோற்பது இந்த இடத்தில். மாதக்கணக்கில் பிரியாமல் நிற்பதற்காகச் சாந்தன் கம் என்னும் பசையைப் பலவற்றில் சேர்க்கிறார்கள். சில நிமிடம் ஒட்டியிருந்தால் போதுமான இரண்டை ஆறு மாதம் ஒட்டவைக்க நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்? பிரிவது குற்றமன்று, மறுபடி குலுக்கினால் தீர்ந்தது. ஆகவே ஒரு மேசைக்கரண்டி வினிகர், ஒரு சிட்டிகை உப்பு, அரைத் தேக்கரண்டி கடுகு விழுது, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், வேண்டுமானால் மிளகுத்தூள் என்பது இவ்வுரையின் துணிபு.

உரை முற்றிற்று. குலுக்குமுன் மூடி இறுகியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மூடி என்று நூற்பா சொல்லியிருப்பதால், சட்டையில் தெறித்த எண்ணெய்க்கு உரைகாரன் பொறுப்பல்லன்.