தேய்த்தால் குளிருமாம்!

266 டாலர் கொடுத்து வாங்கிய புத்தம் புதுச் சாமானைப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு உப்புத்தாளில் வைத்துத் தேய்ப்பவரை வீட்டில் யாரும் சும்மா விட மாட்டார்கள். 2007-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கம்ப்யூட்டர் பித்துப் பிடித்த ஒரு கூட்டம் இதைத்தான் செய்துகொண்டிருந்தது. சாமான், இன்டெலின் கோர் 2 குவாட் க்யூ6600 பிராசஸர். ஜனவரியில் 851 டாலருக்கு வந்தது. ஜூலையில் 266-க்கு இறங்கியதும் மாணவர்கள் கைக்கும் எட்டிவிட்டது. எட்டியவர்கள் செய்த முதல் வேலை ஓவர்க்ளாக்கிங்: 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியதை 3-க்கு மேல் விரட்டுவது. விரட்டினால் சூடேறும். ரொம்பச் சூடேறினால் மெஷின் பாதியில் படுத்துவிடும்.

பிராசஸரின் தலையில் நிக்கல் பூசிய செம்பு மூடி. அதன்மேல் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க் உட்காரும். பார்வைக்கு இரண்டும் மட்டம்தான். சவர பிளேடை மூடியின்மேல் செங்குத்தாக நிறுத்தி, பின்னாலிருந்து விளக்கைக் காட்டினால்தான் குட்டு வெளிப்படும். நடுவில் வெளிச்சம் கசியும். அதாவது குழி. குழியில் காற்று. செம்பு கடத்தும் வெப்பத்தில் காற்று பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் கடத்தாது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் தெர்மல் பேஸ்ட். செம்போடு ஒப்பிட்டால் பேஸ்டும் சோம்பேறிதான். எவ்வளவு மெல்லியதாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

ஆகவே, தேய்!

அதற்கென்று ஒரு சாஸ்திரமே உண்டு. அடியில் தடித்த கண்ணாடித் தகடு வேண்டும். உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுச் செய்வதால் வீட்டில் அதைவிட மட்டமான பொருள் கிடைப்பது அரிது. அதன்மேல் வாட்டர் பேப்பர், கொஞ்சம் தண்ணீர், ஒரு சொட்டு பாத்திர சோப்பு. 400-ஆம் நம்பர் தாளில் தொடங்கி 600, 800 என்று ஏற வேண்டும். அவசரப்பட்டு அமுக்கினால் ஓரங்கள் சரிந்து, குழியாக இருந்தது மேடாகிவிடும்.

மூடியில் முதலில் போவது பெயர். இன்டெல் என்ற எழுத்து, மாடல் நம்பர், கூடவே வாரண்டி, எல்லாம் சாம்பல் நிறச் சேறாகத் தாளில் இறங்கும். அப்புறம் நாலு மூலையிலும் செம்பு எட்டிப் பார்க்கும். ஓரமெல்லாம் சிவந்துவிட, நடுவில் மட்டும் நிக்கல் வெள்ளையாய்த் திட்டுப்போல் நிற்கும். தொழிற்சாலை விட்ட குழி அதுதான், அச்சடித்தாற்போல் தெரியும். திட்டு சுருங்கச் சுருங்கத் தேய்ப்பவருக்கு வெறி ஏறும். கடைசிப் பொட்டும் மறைந்தால் வேலை முடிந்தது.

முடிந்தது என்று யார் எழுந்தார்கள்? 800-லேயே மட்டமாகிவிட்டதை 2000-ஆம் நம்பர் வரை இழுத்து, மெட்டல் பாலிஷும் போட்டு, முகம் பார்த்துத் தலை சீவுகிற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். பளபளப்புக்கும் வெப்பத்துக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது, போட்டோவுக்குத்தான் சம்பந்தம். போட்டோ எடுத்த கையோடு அந்தக் கண்ணாடிமேல் பேஸ்டைப் பூசி, ஹீட்சிங்கை வைத்து நிரந்தரமாக மூடியும் விட்டார்கள்.

பலன் இல்லாமல் இல்லை. குழி பெரிதாக இருந்தவர்களுக்கு ஐந்து டிகிரியும் அதற்கு மேலும் இறங்கியது. ஏற்கெனவே மட்டமாக இருந்ததைத் தேய்த்தவர்களுக்கு ஒன்றோ இரண்டோ. ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாலும் அது கிடைத்திருக்கும். இதில் ஒரு கூத்து வேறு. அந்த பிராசஸரின் சென்ஸார் சூடு எவ்வளவு என்று சொல்லாது. உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்று மட்டும் சொல்லும். அந்த வரம்பு எவ்வளவு என்பதை இன்டெல் அப்போது வெளியிடவில்லை. மென்பொருள் எழுதியவர்கள் குத்துமதிப்பாக ஒன்றை வைத்துக் கழித்துக் காட்டினார்கள். மைக்ரான் கணக்கில் தேய்த்த மகான்கள் அந்தக் குத்துமதிப்பைப் பார்த்துத்தான் கைதட்டினார்கள். வித்தியாசம் மட்டும் நிஜம் என்பது அவர்களுக்கு ஆறுதல்.

2021-இல் இன்டெலின் 12-ஆம் தலைமுறை வந்தபோது சிக்கல் வேறு மாதிரி ஆனது. சாக்கெட்டின் பிடி பக்கவாட்டில் அமுக்கியதில் நீள பிராசஸரே வளைந்து நடுவில் தாழ்ந்தது. எவ்வளவு மட்டமாகத் தேய்த்தாலும் மாட்டியவுடன் வளைகிறது! அந்தப் பிடியைக் கழற்றிவிட்டு மாட்ட அலுமினியச் சட்டம் விற்பனைக்கு வந்தது. 2024-இல் நாக்டுவா நிறுவனம் என்எச்-டி15 ஜி2 ஹீட்சிங்கை மூன்று தினுசில் இறக்கியது: அடிப்பாகம் நன்றாகப் புடைத்தது, கிட்டத்தட்ட மட்டமானது, இரண்டுக்கும் நடுவானது. சட்டம் போடாத வளைந்த மூடிக்குப் புடைத்தது பொருந்தும். அதை வாங்கிப் போய் 400-ஆம் நம்பர் தாளில் வைப்பவர், அந்தக் கம்பெனி கணக்குப் போட்டு வைத்த புடைப்பைத்தான் கரைத்துக்கொண்டிருப்பார்.