ஊதித் தள்ளுகிறேன்

(கேட்டவர் பெயர் போடுவதில்லை, ஊர் மட்டும்தான். முன்பு ஒருவர் பெயரைப் போட்டேன். அவருடைய மாமியார் படித்துவிட்டார். பாவம், அதற்குப் பிறகு அவரிடமிருந்து கேள்வியே வருவதில்லை.)

அண்ணே, என் மச்சினன் மகன் வெளிநாட்டில் ஒரு பெரிய ‘ரெக்கார்டர் வித்வானை’ப் பார்த்தானாம். டேப் ரெக்கார்டர் ரிப்பேர் பார்ப்பவரா? – சமயநல்லூர்

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பரணில் மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கும் டேப் பெட்டியை இறக்கித் தூசிகூடத் தட்டினேன். ஏமாற்றம். ரெக்கார்டர் என்பது ஒரு குழல். நம்ம புல்லாங்குழல் மாதிரிக் குறுக்கே பிடிப்பதில்லை. நாயனம் மாதிரி நேரே நீட்டி ஊதுவது. முன்னால் 7 துளை, பின்னால் கட்டைவிரலுக்கு 1. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு, பாட்டைத் திருப்பித் திருப்பிச் சொல்லி மனப்பாடம் பண்ணுவது என்று ஒரு பொருள் உண்டு. அந்த வழியில் வந்த பெயர்.

இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி 1547இல் செத்தபோது அரண்மனைச் சாமான்களைக் கணக்கெடுத்தார்கள். ரெக்கார்டர் மட்டும் 76. கட்டிய மனைவியர் 6. இரண்டு பேருக்குத் தலை போனது. குழல் எதற்கும் சேதாரம் இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு வாத்தியக் கூட்டங்கள் பெருத்தன. ரெக்கார்டருக்கோ சின்னக் குரல். பலமாக ஊதினால் சத்தம் கூடுவதற்குள் சுருதி ஏறிவிடும். 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஓரங்கட்டிவிட்டார்கள். கல்யாண வீட்டில் செண்டை மேளம் நுழைந்ததும் நம்ம நாயனக்காரர் ஓரமாக உட்கார்ந்து காப்பி குடிக்கிறாரே, அந்த நிலைமை.

திருவிழாவில் விற்கும் புல்லாங்குழல் ஏன் விற்பவர் வாயில் மட்டும் பாடுகிறது? – முள்ளிப்பள்ளம்

40 வருடமாக நானும் இதே வழக்கைத்தான் நடத்திக்கொண்டிருக்கிறேன். எங்கள் சோழவந்தான் ஜெனகை மாரியம்மன் வைகாசித் திருவிழாவில், தோகை விரித்த மயில் மாதிரிக் கம்பு நிறையக் குழலைச் செருகிக்கொண்டு ஒருவர் வருவார். இளையராஜா பாட்டை இடைஇசையோடு ஊதுவார். காசைக் கொடுத்து வாங்கி வீட்டுக்கு வந்தால் காற்று மட்டும்தான் வரும். பேரன் அதை வைத்துப் பூனையை அடிப்பான்.

சென்ற முறை அந்தக் குழலின் வாய்ப்பக்கத்தை ஊக்கால் நெம்பிப் பார்த்தேன். உள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு மரத்தக்கை. அதற்கு மேலே காற்றுப் போக ஒரு நூலிழைச் சந்து. அந்தச் சந்து வழியே போகும் காற்று எதிரே வெட்டியிருக்கும் விளிம்பில் மோதித்தான் சத்தம் பிறக்கிறது. ரெக்கார்டரின் சூட்சுமமும் இதுதான். வெளிநாட்டு அரங்கில் கோட்டுப் போட்டவர் வாசிப்பது நம்ம திருவிழாக் குழலின் பணக்காரச் சித்தப்பாவைத்தான். தக்கையைத் திரும்பப் பொருத்தத் தெரியவில்லை. பூனை நிம்மதியாக இருக்கிறது.

வெற்றிலையில் சிறந்தது கும்பகோணமா, சோழவந்தானா? – பெயரும் ஊரும் இல்லை

ஊரை ஏன் மறைத்தீர்கள் என்று தெரிகிறது. எங்கள் கொடிக்காலுக்குப் புவிசார் குறியீடு வாங்கி 2023லேயே வாயை மூடிவிட்டோம். போய்ச் சுண்ணாம்பு வாங்கி வாருங்கள்.

புல்லாங்குழல் மாலி என்கிற டி.ஆர்.மகாலிங்கம் நம்ம சோழவந்தான்காரர்தானே? ஆயிரம் ரூபாய் பந்தயம் கட்டியிருக்கிறேன். – தென்கரை

ஆயிரத்தை எடுத்து வையுங்கள். அதுவும் தென்கரையிலிருந்து இந்தக் கேள்வியா! ஆற்றில் தண்ணீர் இருந்தால் குதிக்கச் சொல்லியிருப்பேன்.

பொறுமையாகக் கேளுங்கள். டி.ஆர்.மகாலிங்கம் மூன்று பேர். முதலாமவர் உங்கள் தெருக்காரர். நடிகர், பாடகர். அவருடைய ‘டி’ தென்கரை. 1945இல் ‘ஸ்ரீவள்ளி’, 1965இல் ‘திருவிளையாடல்’ பாணபத்திரர். 1978இல் மறைந்தார். இரண்டாமவர் புல்லாங்குழல். அவருடைய ‘டி’ தஞ்சாவூர்ச் சீமைத் திருவிடைமருதூர். பிறந்தது 1926, மறைந்தது 1986. மூன்றாமவர் ஆனந்த விகடனில் கார்ட்டூன் போட்டவர். அவரும் டி.ஆர்.மகாலிங்கம், அவரும் ‘மாலி’! மூன்று பேருக்கும் ஒரே தபால்காரர் இருந்திருந்தால் வேலையை விட்டுவிட்டுக் காசிக்குப் போயிருப்பார்.

உங்கள் பந்தயத்துக்கு ஒரு ஆறுதல் பரிசு தருகிறேன். 1938இல் வந்த ‘நந்தகுமார்’ படத்தில் நம்ம தென்கரைப் பையன்தான் கிருஷ்ணன். கிருஷ்ணன் என்றால் கையில் குழல் இல்லாமலா? ஆக, சோழவந்தான் மகாலிங்கமும் குழல் பிடித்தவர்தான் என்று வாதாடிப் பாருங்கள். ஐந்நூறாவது திரும்பும்.

திருவிடைமருதூர் மாலிக்கு வருவோம். அவருக்கு முன்னால் சரப சாஸ்திரிகள், கண் பார்வை இல்லாத கும்பகோணத்துக்காரர், குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக மேடையில் உட்கார வைத்தார். 1904இல், முப்பத்திரண்டு வயதில் போய்விட்டார். அவருடைய சீடர் பல்லடம் சஞ்சீவ ராவ். அந்தப் பாணியில் குழல் குழலாகவே பேசியது. 1933இல் மயிலாப்பூர் தியாகராஜ உற்சவத்தில் ஏழு வயது மாலி வாசித்தபோது, முசிறி சுப்பிரமணிய ஐயர் சால்வை போர்த்தினார் என்று சொல்வார்கள். அந்தப் பையன்தான் பிற்பாடு குழலைப் பாட வைத்தான். துளையை முழுக்கத் திறக்காமல், முழுக்க மூடாமல், விரலை வழுக்கி வழுக்கிக் கமகத்தை மூங்கிலுக்குள் இறக்கினான். கேட்டால் வாத்தியம் மறந்துபோகும், யாரோ பாடுகிற மாதிரி இருக்கும். நான் காவிரிக்காரர்களை லேசில் புகழ்கிறவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

மாலி கச்சேரிக்கு ஒழுங்காக வரமாட்டாராமே? – திருவேடகம்

வராமல் இருந்ததும் உண்டு, வந்து பாதியில் எழுந்து போனதும் உண்டு. அடுத்த கச்சேரிக்கும் அரங்கம் நிறைந்தது. நான் ஒரு வாரம் பத்தி எழுதவில்லை. ஒருவரும் கேட்கவில்லை.

சோழவந்தானில் எல்லா எக்ஸ்பிரஸ் ரயிலும் நிற்க வேண்டும் என்று எப்போது எழுதப் போகிறீர்கள்? – சோழவந்தான்

போன ஏழு இதழிலும் எழுதினேன். இந்த முறை வேறு வழியில் வருகிறேன். ரயில் நின்றால் என்ன நன்மை என்பதற்கு உலக அத்தாட்சி இதோ.

இங்கிலாந்தில் ஆர்னால்ட் டோல்மெட்ச் என்று ஒருவர். பழைய வாத்தியங்களைத் தேடிப் பிடித்து வாசிப்பதுதான் வேலை. அவரிடம் பிரெசான் என்ற பழைய கைவினைஞர் செய்த ரெக்கார்டர் ஒன்று இருந்தது. 1919இல் வாட்டர்லூ ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், அதை வைத்திருந்த பையைச் சின்ன மகன் கார்ல் மறந்து விட்டுவிட்டான். ரயில் கிளம்பிவிட்டது. நம்ம ஊர் அப்பனாக இருந்தால் முதுகில் தாளம் வாசித்திருப்பான். டோல்மெட்ச் தன்னிடமிருந்த அளவுகளை வைத்துக்கொண்டு தானே புதிதாகச் செய்ய உட்கார்ந்தார். அப்படித்தான் 20ஆம் நூற்றாண்டில் ரெக்கார்டருக்கு மறுபிறவி. மறந்து வைத்த அதே கார்ல் பெரிய ரெக்கார்டர் கலைஞரானார்.

ரயில்வே அதிகாரிகள் கவனிக்க: நின்றால்தானே மறந்து வைக்க முடியும்?

வெள்ளைக்காரர்கள் 300 வருடத்துப் பழைய இசையை அதே வாத்தியத்தில் வாசிப்பதையே தொழிலாக வைத்திருக்கிறார்களாம். நம்மிடம் ஏன் அப்படி யாரும் இல்லை? – வாடிப்பட்டி

நல்ல கேள்வி. வெற்றிலையைத் துப்பிவிட்டு வருகிறேன்.

அவர்களுக்கு நடுவில் சங்கிலி அறுந்துவிட்டது. சொல்லிக்கொடுக்க வாத்தியார் இல்லை. ஏட்டையும் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியையும் பார்த்துத்தான் கற்க வேண்டியிருந்தது. அதற்கென்று ஒரு வாழ்க்கையே தேவைப்பட்டது. ஃபிரான்ஸ் பிரூகன் என்ற டச்சுக்காரர் 21 வயதில் ஹேக் நகர இசைக் கல்லூரியில் பேராசிரியர். 18ஆம் நூற்றாண்டு ரெக்கார்டர்களையே தேடி எடுத்து வாசித்தார். 1981இல் அந்த நூற்றாண்டின் பெயரிலேயே ஒரு வாத்தியக் குழு தொடங்கினார். அவர் பிறந்தது 1934 அக்டோபர் 30. அதே அக்டோபர் 15ஆம் தேதி திருவாரூரில் பிறந்தவர், மாலியின் சீடர் என்.ரமணி. பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு குழல்காரர்கள். ரமணி எந்தக் கண்ணாடிப் பெட்டியையும் திறக்க வேண்டியிருக்கவில்லை. குரு எதிரே உட்கார்ந்திருந்தார். அதுவும் வந்த நாட்களில்.

ஆனால் நம்மிடம் அறுந்ததும் உண்டு. சிலப்பதிகாரத்தில் இதே மதுரைப் புறத்து ஆய்ச்சியர் குரவையாடும்போது கொன்றைக் குழல், ஆம்பல் குழல், முல்லைக் குழல் என்று மூன்று பெயர் வருகிறது. உரை எழுதிய அடியார்க்கு நல்லார் குழலுக்கு நீளம் 20 விரல், சுற்றளவு நாலரை விரல் என்று தச்சர் மாதிரி அளவு தருகிறார். அளவு இருக்கிறது, அந்த நாதம் இல்லை. யாழ் அதைவிடப் பாவம், வாத்தியமே போய்விட்டது. மட்டக்களப்புச் சீமையில் பிறந்த விபுலாநந்த அடிகள், அறிவியலும் கணக்கும் படித்தவர், பாட்டு வரிகளிலிருந்தும் உரைகளிலிருந்தும் நரம்பின் அளவைக் கணக்குப் போட்டு மீட்கப் பார்த்தார். பல ஆண்டு உழைப்பு. ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் இல்லை. யாரும் இல்லை என்று சொல்லாதீர்கள். ஒருவர் இருந்தார். நாம்தான் கச்சேரிக்குப் போகவில்லை.

கீபோர்டிலேயே ‘ஃப்ளூட்’ பட்டன் இருக்கிறதே, இனிக் குழல் எதற்கு? – மதுரை

சாப்பாட்டுப் படம் போனில் இருக்கிறதே, இனி இலை எதற்கு?

என் மகள் ஐந்து வருடமாகக் குழல் கற்கிறாள். அதையே தொழிலாக எடுக்கிறேன் என்கிறாள். பிழைக்க முடியுமா அண்ணே? – குருவித்துறை

அம்மா, இதில் விளையாட மாட்டேன்.

கச்சேரி வருமானத்தை மட்டும் நம்பினால் கஷ்டம். குழல் கச்சேரிக்குக் கிடைக்கும் தேதிகள் வாய்ப்பாட்டுக்குக் கிடைப்பதில் ஒரு பங்குதான். ஆனால் பரதநாட்டிய மேடையில் குழலுக்கு எப்போதும் ஒரு நாற்காலி உண்டு. சினிமா ஒலிப்பதிவு உண்டு, வகுப்பு எடுக்கலாம், வானொலித் தேர்வில் வாசித்து கிரேடு வாங்கலாம். மதுரையிலேயே அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. முதல் பத்து வருடம் இந்த நான்கையும் கலந்துதான் வண்டி ஓட்ட வேண்டியிருக்கும். கையில் ஒரு பட்டமும் இருக்கட்டும்.

பெண் பிள்ளை ஊதுவதா என்று உறவில் யாராவது இழுத்தால், சிக்கல் சகோதரிகள் குஞ்சுமணி, நீலா பெயரைச் சொல்லுங்கள். 2002இல் சங்கீத கலாநிதி வாங்கியவர்கள். அதற்கும் அடங்காவிட்டால் அந்த உறவின் விலாசத்தை எனக்கு அனுப்புங்கள். மகள் காலையில் சாதகம் பண்ணும்போது மட்டும் மிக்ஸியைப் போடாதீர்கள்.

எல்லோரையும் பற்றி எழுதுகிறீர்களே, உங்களுக்கு ஊதத் தெரியுமா? – நிலக்கோட்டை

ஆறு வயதில் அரங்கேற்றம். வாத்தியம் ஊதாங்குழல், இடம் அடுப்படி, குரு என் அம்மா. ஈர விறகு. இரண்டே துளை, இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று. அரை மணி நேரம் ஊதினேன். அன்று கண்ணீர் விட்டது வாசித்தவன் மட்டும்தான். காப்பி வர எட்டு மணி ஆனது. மறுநாள் வாத்தியம் தங்கச்சி கைக்குப் போய்விட்டது.