மாப்ள, நீயும் பிரதிநிதி ஆவலாம்

அடுத்த அகில இந்திய மாநாட்டுக்குப் பிரதிநிதியாப் போவணும்னு ஆசையாமே மாப்ள ஒனக்கு? ஒங்கம்மா, அதான் எந்தங்கச்சி, பாலத்தாண்ட பஸ்ஸுக்கு நிக்கசொல்ல சொல்லிச்சி. நல்ல ஆசதான். கொம்யூன் பஞ்சாயத்துக்கு நிக்கலாம்னா இந்தப் புதுச்சேரியில 2006-க்கு அப்பறம் உள்ளாட்சித் தேர்தலே கெடையாது. 2006-ல நடந்ததே 38 வருஷம் கழிச்சி. ஆகக்கூடி கிள, வட்டம், மாவட்டம்னு ஒழுங்கா கையத் தூக்கி ஆளத் தேர்ந்தெடுக்கற எடம் ஒங்க கட்சி ஒண்ணுதான். சி.பி.ஐ., சி.பி.எம்.னு இருக்கற ரெண்டு செங்கொடியில எதுன்னு நான் சொல்ல மாட்டன். நான் சொல்லப்போற சேதி ரெண்டுத்துக்கும் பொருந்தும்.

போனதும் ஒரு படிவம் குடுப்பாங்க. வயசு, கட்சியில சேந்த வருஷம், படிப்பு, எந்த சங்கம், எத்தினி நாள் ஜெயிலு, எத்தினி நாள் தலமறவு, வர்க்கப் பின்னணி இன்னா, எல்லாத்தையும் எழுதணும். தகுதி ஆய்வுக் குழுன்னு ஒண்ணு ஒக்காந்து அத்தயெல்லாம் கூட்டிக் கழிச்சி மேடையில படிக்கும். அரசியல் தீர்மானத்துக்குக் கொறட்ட வுட்டவன்கூட இதுக்கு முழிச்சிக்குவான். ரொம்ப எளசு யாரு, ரொம்பப் பழுத்தது யாரு, ஜாஸ்தி வருஷம் கம்பி எண்ணுனது யாருன்னு தெரியணும்ல?

மாமனோட மொதப் புத்திமதி இது. வர்க்கப் பின்னணிங்கற கட்டத்த அவசரப்பட்டு ரொப்பிடாத. உள்ளத உள்ளபடி எழுதுனா கூட்டுறவு சங்கத்து எழுத்தர், மாசச் சம்பளம், மாடி வூடுன்னு வரும். அது நடுத்தர வர்க்கம். மாநாட்டுல அந்த வரிசையில கூட்டம் நெரியும், ஒன்ன எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். ஒங்கப்பன எழுதலாம்னா அவுரு வாத்தியாரு. தாத்தன எழுதலாம்னா அது அதவிட வம்பு. அந்தாளு பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தா. இந்தோசீனாவுக்குப் போயி ஹோ சி மின் ஆளுங்களச் சுட்டுட்டு வந்தவரு. அந்தப் பிராங்கு பென்ஷன்லதான் ஒங்க வூட்டு அஸ்திவாரமே நிக்குது. இத்தப் போயி செங்கொடி மாநாட்டுப் படிவத்துல எழுதுவியா நீ? அதனால தாத்தன நைசா ஓரங்கட்டிட்டு இன்னம் ஒரு படி மேல ஏறு. பூட்டன் பண்ணையாளு. கோவணத்தத் தவுர சொத்து கெடையாது. எழுதிக்க: விவசாயத் தொழிலாளர் குடும்பம். பொய்யும் இல்ல பாரு. மூணு தலமொற மேல ஏறுனா இந்தச் சீமையில முக்காவாசிப் பேரு பாட்டாளிதான்.

சிரிக்காத. பழய ஆளுங்க இந்த விஷயத்துல ஒன்னவிட நேர்மயா இருந்தாங்க. 1943-ல, மே 23-லேர்ந்து ஜூன் 1 வரிக்கும், பம்பாயில கம்யூனிஸ்ட் கட்சியோட மொத அகில இந்திய மாநாடு நடந்துது. பொதுச் செயலாளரு பி.சி. ஜோஷி. வந்த பிரதிநிதிங்க 139 பேரு. அவங்கள வகபிரிச்சி மறைக்காம சொன்னாங்க: தொழிலாளி 22, விவசாயி 25, படிச்ச அறிவாளிக் கூட்டம் 86, நெலச்சுவான்தாரு 3, சின்ன நெலச்சுவான்தாரு 2, வியாபாரி 1. நீ எழுத்தராச்சே, கூட்டிப் பாரு, 139 சரியா வரும். தொழிலாளி கட்சியில தொழிலாளி ஆறு பேருக்கு ஒருத்தன். எனக்கு அந்த ஒத்த வியாபாரி மேலதான் பாசம். அத்தினி பேரு உலகப் புரட்சியப் பத்திப் பேசசொல்ல, டீச்செலவு எம்மாம் ஆவும்னு கணக்குப் போட்டவரு அவரா மட்டுந்தான் இருக்கணும்.

அதுக்காவ படிச்சவன் வந்ததே தப்புன்னு மாமன் சொல்லிட்டாருன்னு எங்கியாவது போயி வத்தி வச்சிடாத. கட்சித் தலைவரு சுந்தரய்யாவுக்கு வூட்டுல வச்ச பேரு சுந்தரராமி ரெட்டி. நெலபுலம் உள்ள குடும்பம். பேருல இருந்த ரெட்டியத் தூக்கிக் கடாசுனாரு. ஈ.எம்.எஸ். பெரிய நம்பூதிரி வூட்டுப் புள்ள, பாகத்துல வந்த சொத்த வித்துக் கட்சிக்குக் குடுத்தாரு. அந்த வழி ஒனக்குச் சரிப்படாது, மாடி வூட்டு மேல லோன் இருக்குது.

மீனவர் வூட்டுல பொறந்த சிங்காரவேலரத்தான் எந்தக் கட்டத்துல போடறதுன்னு எனக்குப் புரியல. 1925 டிசம்பர்ல கான்பூர்ல நடந்த மொத கம்யூனிஸ்டு மாநாட்டுக்குத் தலமை தாங்குனவரு அவுரு. அதுக்கு ரெண்டு வருஷம் முந்தியே, 1923-ல, மெட்ராஸ் கடக்கரையில மே தினம் கொண்டாடுனவரு. சாதியப் பாத்தா நம்ம குப்பத்து ஆளு. தொழிலப் பாத்தா வக்கீலு. வூட்டுல இருந்த பொஸ்தகத்தப் பாத்தா பெரிய அறிவாளி. வல பின்னத் தெரியுமான்னு கேட்டா யாரு கண்டா? ஒங்க குழு அவர எந்த எண்ணிக்கையில சேத்திருக்கும்? பொறப்பப் பாக்கறதா, பொழப்பப் பாக்கறதா, அவுரு யாரு பக்கம் நின்னாருன்னு பாக்கறதா? மூணாவதுக்குப் படிவத்துல கட்டமே இல்லியே மாப்ள.

நம்ம ஊரு வ. சுப்பையா மட்டும் இன்னாவாம். படிச்ச மனுஷன், 1934-ல 'சுதந்திரம்'னு பத்திரிக ஆரம்பிச்சாரு. நூல் நூக்குற ஆளு இல்ல. ஆனா மில்லு ஆளுங்க அவரத்தான் தேடிப் போனாங்க. 1936 ஜூலை 30, சவானா மில்லுல பிரெஞ்சுப் போலீசு சுட்டதுல 12 தொழிலாளி செத்தாங்க. அதுக்கப்பறம் அடுத்த வருஷம் எட்டு மணி நேர வேலச் சட்டம் வந்துது. வருஷா வருஷம் ஜூலை 30-க்கு ரெண்டு கட்சிக்காரனும் போயி மாலை போடறீங்க. அந்தப் பன்னெண்டு பேருல எவனும் அகில இந்திய மாநாட்டையே பாத்ததில்ல. பாத்திருக்கவும் முடியாது, கட்சியோட மொத அகில இந்திய மாநாடே ஏழு வருஷம் கழிச்சித்தான்.

ஒனக்கு ஞாபகம் இருக்கும், 2015 மார்ச்சு 25-லேர்ந்து 29 வரிக்கும் சி.பி.ஐ.யோட 22-ஆவது மாநாடு இங்கதான், புதுச்சேரியிலதான். சுதாகர் ரெட்டி மறுபடியும் பொதுச் செயலாளரு ஆனாரு. எந்த மில்லு வாசல்ல இந்த ஊரு செங்கொடி மொளச்சிதோ அந்த மில்லுங்க அப்பவே இழுத்துக்கினு கெடந்துது. நான் ஓட்டுன ரோடியரு, அதான் நீங்க ஏ.எஃப்.டி.ங்கறது, 2011 கடசியில தானே புயல்ல அடிவாங்குனது எழுந்திரிக்கவே இல்ல, 2020-ல மொத்தமா பூட்டு. ஒரு ஷிப்டு வுட்டா கடலூரு ரோடு அடைச்சிக்கும் ஒரு காலத்துல. இப்ப அந்த ஆளுங்க பசங்க இன்னா பண்றாங்க? ஒருத்தன் ஏ.டி.எம். வாசல்ல செக்யூரிட்டி. ஒருத்தன் போட் அவுசுல சுற்றுலாக்காரங்களுக்கு லைப் ஜாக்கெட் மாட்டி வுடறான். ஒருத்தன் ஓட்டல்ல, ஒருத்தன் பைக்குல சோறு கொண்டும்போறான். எல்லாரும் கூலிக்காரன்தான். எவனுக்கும் சங்கமில்ல, சங்கம் இல்லாதவன் பேரு எந்தக் கிளையில இருக்கும்? பாட்டாளி கொறஞ்சிட்டான்னு ஒங்க அறிக்க சொன்னா நம்பாத. பாட்டாளி எங்கியும் போவல, மெம்பர்ஷிப் நோட்டு வச்சிருக்கறவன்தான் அவன் இருக்கற எடத்துக்குப் போவல.

ரெண்டாவது புத்திமதி. நல்ல சாதியில பொறந்து ஆம்பளையா இருந்தா மேல ஏறறது சுலுவு. இத்தச் சொன்னா ஒனக்குக் கோவம் வரும், சாதி பாக்காத கட்சிம்ப. சரி, பாக்காத கட்சிதான். பாக்காமயே எப்டி இப்டி அமஞ்சிதுன்னு கேக்கறன். 1964-ல சி.பி.எம். பிரிஞ்சி வந்து மொத அரசியல் தலைமைக் குழுவுக்கு ஒம்போது பேரப் போட்டாங்க. ஒரு பொம்பள இல்ல. மொதப் பொம்பள பிருந்தா காரத், 2005-ல. மொத தலித்து ராமச்சந்திர டோம், 2022-ல கண்ணூர் மாநாட்டுல. அதாவது 58 வருஷம். பொதுவுடம வர்றதுக்கு நாளாவும்னு தெரியும், குழுவுல ஒரு நாக்காலி வர்றதுக்கே இத்தினி வருஷமா?

இப்பத் தேவலாம், இல்லன்னு சொல்ல மாட்டன். பக்கத்துல விழுப்புரத்துல 2025 ஜனவரியில நடந்த சி.பி.எம். மாநில மாநாட்டுல பெ. சண்முகம் செயலாளரா வந்தாரு. தமிழ்நாட்டுல அந்த எடத்துக்கு வந்த மொத தலித்து. வாச்சாத்தி சனங்களுக்காவ அத்தினி வருஷம் அலஞ்ச மனுஷன். அந்தப் பக்கம் சி.பி.ஐ.யில 2019-லேர்ந்து டி. ராஜா பொதுச் செயலாளரு. குடியாத்தம் பக்கம் சித்தாத்தூரு, நெலமில்லாத கூலி வூட்டுப் புள்ள. அவரு பூட்டன் வரிக்கும் ஏற வேணாம், அப்பனோட நின்னா போதும். 2025 ஏப்ரல்ல மதுரையில சி.பி.எம்.முக்கு எம்.ஏ. பேபிய பொதுச் செயலாளரா எடுத்தாங்களே, அந்த மாநாட்டுல மத்தியக் குழு 85 எடத்துல பொம்பளைங்களுக்கு 17. அஞ்சுல ஒண்ணு. மேல தலைமைக் குழுவுல 18-க்கு ரெண்டு, மரியம் தாவ்லே, நம்ம உ. வாசுகி. மேல போவப் போவ ஏன் மெலியுதுன்னு ஒங்க வட்டச் செயலாளரக் கேளு. "தோழர், இது ஒரு ஆழமான கேள்வி"ம்பாரு. அதோட டீ வந்துடும்.

அதே மதுரையில மகாராஷ்டிரத்து கராத்னு ஒரு தொழிற்சங்கத் தலைவரு, தலைமை வச்ச பட்டியல்ல பேரு இல்லாம, தனியா போட்டி போட்டாரு. 31 ஓட்டு வாங்கித் தோத்தாரு. நீ தொழிற்சங்கம் பேசி ஏறலாம்னு பாத்தா இத்தயும் மனசுல வச்சிக்க. ஜெயிக்கணும்னா பட்டியலுக்குள்ள இரு, பேரு வாங்கணும்னா வெளிய நில்லு.

வயசப் பத்தி நீ கவலப்படாத, ஒனக்கு நாப்பதுதான். கட்சி நாக்காலிக் கணக்குல அது தூளிப் பருவம். 75 தாண்டுனா ஒதுங்கணும்னு ரெண்டு கட்சியிலயும் விதி இருக்குது. மதுரையில பினராயிக்கு விலக்கு. அதே வருஷம் செப்டம்பர்ல சண்டிகர்ல ராஜாவுக்கு விலக்கு. ரெண்டு கட்சியும் ஒண்ணு சேரணும்னு அம்பது வருஷமா பேசறாங்களே, இந்த விலக்கு விஷயத்துல சேந்தாச்சி. எனக்கும் அந்த வயசு தாண்டியாச்சி. மாட்டுக்குத் தண்ணி காட்டறதுலேர்ந்து விலக்கு கேட்டன், ஒங்க அத்த மத்தியக் குழுவக் கூட்டவே மாட்டங்குறா.

இப்ப விஷயத்துக்கு வரன். ஒங்க கிளையில அந்தச் சித்தாள் பொண்ணு இருக்குதே, கட்டட சங்கத்துல காசு வசூல் பண்ணிக் குடுக்குதே, அதுதான். மழ வெள்ளத்துல எந்த வூட்டுல அடுப்பெரியலன்னு ஒனக்கு முன்ன அதுக்குத் தெரியும். எறநூறு ஆளு வேணும்னா நீ போஸ்டர் அடிக்கணும், அது தெருவுல நாலு சத்தம் குடுத்தாப் போதும். ஆனா மாநாட்டுக்கு ஆளு எடுக்கசொல்ல அது பேர யாரும் சொல்றதில்ல. ஏன்னு நானே சொல்றன். மாநாடு அஞ்சு நாளு. சண்டிகர் மாதிரி தொலவுன்னா போவ வர ரயிலு தனி, பத்து நாள் போயிடும். ஒனக்கு லீவு இருக்குது, சம்பளம் புடிக்க மாட்டான். அதுக்குப் போன நாள் போனதுதான். அங்க பேசறது இங்கிலீசு, இல்லன்னா இந்தி, பக்கத்துல ஒருத்தன் காதுல மொழிபெயர்த்துச் சொல்லணும். கட்டு கட்டா அறிக்க படிக்கணும். போதாததுக்கு வூட்டுல சின்னதுங்க ரெண்டு, பாத்துக்க ஆளில்ல. அதனால "அந்தத் தோழருக்குச் செரமம்"னு ரொம்ப அக்கறையா சொல்லிட்டு ஒம்பேர எழுதுவாங்க. நீயும் ரொம்பக் கூச்சமாத் தலைய ஆட்டுவ. யாரும் எந்தச் சதியும் பண்ணல. பந்தியில எல போட்டது பொதுவாத்தான், பசிச்சவன் வயல்ல இருக்கற நேரமாப் பாத்துப் போட்டுட்டாங்க.

அங்க போயி நீ படிவத்துல விவசாயத் தொழிலாளர் குடும்பம்னு எழுதுவ. அறிக்கையில உழைக்கற வர்க்கம் ஒண்ணு ஏறும். கைதட்டுவாங்க.

ஆவணும்னா ஒண்ணு செய்யலாம். கிளைக் கூட்டத்துல நீயே எழுந்து அது பேரச் சொல்லு. பத்து நாள் கூலிய நீ குடு. ஒரு வருஷம் வெத்தல பாக்குச் செலவக் கொறச்சன்னா நானும் பாதி போடறன், அட, முறைக்காத, கால்வாசி போடறன். கொழந்தைங்கள ஒம்பொண்டாட்டி பாத்துக்கும், அவளக் கேட்டுட்டுச் சொல்லு, கேக்காம வாக்குக் குடுக்காத. பிரதிநிதியா அது போவட்டும், நீ பார்வையாளரா பின்னால போயி இங்கிலீச மொழிபெயர்த்துச் சொல்லு. படிச்ச படிப்புக்கு அதுவும் ஒரு வேலதான்.

இன்னா கணக்குப் போடற, விரல மடக்கி? அதுக்கு ஒரு நாள் கூலி எவ்ளோன்னு தெரியுமா மொதல்ல? தெரியாதா? கிளச் செயலாளரு நீ! போ, போயிக் கேட்டுக்கினு வா. தவளக்குப்பத்துல சென்ட்ரிங் வேலைக்குப் போயிருக்குது, ஆறு மணி பஸ்ஸுல வரும்.