விற்பனைக்கு ஒரு காம்பரா

நுவரெலியாவில் பங்களா விற்பவருக்கு என்ன கவலை? புரோக்கர் வந்து பனிமூட்டத்தையும் விலையில் சேர்த்துவிடுவார், கமிஷன் தனி. அதே ஆளை ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயத்துக்குக் கூட்டி வாருங்கள்.

"உறுதி இருக்காண்ணே?"

"செக்ரோல்ல தாத்தா பேரு இருந்துச்சு தம்பி."

காணி? 1970களில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது. நான்கு தலைமுறை குடியிருந்தது எந்தப் பத்திரத்திலும் ஏறவில்லை. பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. கூரைத் தகரம் தோட்டத்துச் சொத்து, ஒழுக்கு மட்டும் நம்முடையது. பின்னால் ஒரு குசினி இறக்கினாலே தோட்டத்துரை ஆள் அனுப்பிவிடுவார்.

ஏழு பேர்ச்சஸில் தனி வீடு என்றது அரசாங்கம். 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடியும் மேலும் 10,000 வீடு என்றார். கைதட்டலுக்கு உறுதிப்பத்திரம் தேவைப்படவில்லை.

புரோக்கர் சளைக்கவில்லை. "தேயிலைக் காட்சி, இயற்கைக் குளிர், வீட்டுக்குள்ளேயே ஓடும் நீர்" என்று விளம்பரம் எழுதத் தொடங்கினார். பக்கத்துக் காம்பராப் பாட்டி எட்டிப் பார்த்தார்:

"கொழுந்து பறிக்க வந்தா சும்மாவே குடுப்பாங்களேப்பா, இதுக்கு யாரு காசு தருவா?"